மௌனமும் ஓதலின் பகுதியே

மர்ஹூம் ஹஸ்ரத் ஒருவரின் கிராஅத் ஒலிநாடாவை ஆம்பூரில் கணினிக்கு மாற்றினோம். ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், கோப்பின் நீளத்தைக் குறைக்க எண்ணி, ‘சைலன்ஸ்ரிமூவ்’ கட்டளையை இட்டோம். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கேட்ட ஹிஃப்ளு மாணவரோ, “ஹஸ்ரத், இங்கே வக்ஃப் செய்யவில்லையே?” என்றார்.

நாம் திகைத்தோம். குறித்த அளவுக்குக் கீழான ஒலியையெல்லாம் அக்கட்டளை வெற்றிடமென்றே கொள்ளும்; வசன முடிவின் நிறுத்தம் அதற்குத் தெரியாது. ஆயத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

அல்ஹம்துலில்லாஹ், மூலக்கோப்பு தனியே இருந்தது. இம்முறை ஒலியை மறுகுறியாக்கம் செய்யாத ‘காப்பி’ முறையில், தொடக்கத்திலும் இறுதியிலும் இருந்த வெற்று நாடாவை மட்டும் வெட்டினோம். முழுவதையும் முஸ்ஹஃபை வைத்துச் சரிபார்த்தோம்.

கட்டளை பிழையின்றி முடிவது வேறு. அமானிதம் பிழையின்றி ஒப்படைக்கப்படுவது வேறு.