சுவரில் இருந்த கை

2011 ஆகஸ்ட் மாதம். நாங்கள் தரம் நாலு. டிக்கோயாவில் எங்கள் மேட்டு லயத்தில் அப்போது யாருமே இருட்டினபிறகு தனியாகப் பீலிக்குப் போகமாட்டார்கள். கிரீஸ் பூதம் வந்திருக்காம். உடம்பு முழுக்க கிரீஸ் பூசியிருப்பானாம், பிடிச்சா வழுக்கிருவானாம், பொம்பளைங்களைத் தேடித்தான் வருவானாம். காலில் ஸ்பிரிங் கட்டியிருக்கான், கூரைக்குக் கூரை தாவுறான் என்று ஸ்கூல்ல ஒருத்தன் சத்தியம் பண்ணினான்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ரோட்டைக் கீறினோம். திங்கள் பொகவந்தலாவையில் பார்த்தார்களாம், புள்ளி. புதன் நோர்வூட்டில், இன்னொரு புள்ளி. அடுத்தது நாங்கதான்! இரண்டு புள்ளியைச் சேர்த்தால் கோடு நேராக எங்கள் லயத்துக்கே வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து நாங்களே பயந்தோம்.

பிறகு ஒருநாள் கொழுந்து லொறி நிற்கிற இடத்தில் கொஞ்சம் கிரீஸ் கிடந்தது. எங்களில் ஒரு ஆள் உள்ளங்கையில் அப்பிக்கொண்டுபோய்க் கடைசிக் காம்பராச் சுவரில் வைத்தோம். யார் கை என்று எழுதப்போவதில்லை, நிற்கும்போது எல்லாரும்தான் நின்றோம்.

மறுநாள் பெரட்டுக்குப் போனவர்கள் பாதியில் திரும்பி வந்து பார்த்தார்கள். பத்து வயசு ஆகாத பிள்ளையின் கை, எவ்வளவு பெருசா இருக்கும்? ஒருத்தர் கேட்கவும் செய்தார், “கை சின்னதா இருக்கே?” உடனே பதில் வந்தது: “விரலை மடக்கி வச்சிருக்கான், தடம் தெரியக்கூடாதுன்னு.” அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. அன்றிரவிலிருந்து ஆம்பளைங்க கவ்வாத்துக் கத்தியோடு காவல்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் ஒருத்தர் வந்தார். தவணைக்குச் சாமான் வாங்கின காசு எடுக்க மாதாமாதம் வேறு ஆள் வருவார், அன்றைக்கு இவர். வழியில் சைக்கிள் செயின் கழன்று மாட்டியிருக்கிறார். கையெல்லாம் கறுப்பு.

அவரைப் பேசவே விடவில்லை. இஸ்தோப்பில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். வாயிலிருந்து ரத்தம் வந்தது. நாங்கள் பீலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியம்மாதான் அவர் பையை உதறினார். தவணைக் கார்டுகள் விழுந்தன. ஒரு கார்டை எடுத்துத் தன் பேரையும் பாக்கிக் காசையும் சத்தமாக வாசித்தார். “எம் பேருய்யா இது, எம் பேரு!” என்று கத்தினபிறகுதான் கை நின்றது. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை.

அந்த மாதம் எல்லா ஊரிலும் ஒரு பெரியம்மா இருக்கவில்லை. அப்புத்தளைப் பக்கம் இரண்டு பேர் கூட்டத்திடம் மாட்டிச் செத்தார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதனைத் துரத்திக்கொண்டு சனம் இராணுவ முகாம் வரை போனது. அன்றிரவு வீடு புகுந்து ஆட்களை அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். வடக்கு கிழக்கில் அந்தப் பயத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. அதைப் பிரமை என்று மலையில் உட்கார்ந்து சொல்ல எங்களுக்கு வாய் வராது. எங்கள் லயத்துச் சுவரைப் பற்றி மட்டும் எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

கலைப்பீடத்துக்கு வந்து உளவியல் வகுப்பில் ‘அபோஃபீனியா’ என்ற சொல்லைக் கேட்டோம். தொடர்பில்லாத விஷயங்களுக்கு நடுவே தொடர்பு தெரிவது. 1958இல் கிளவுஸ் கொன்றாட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் மனச்சிதைவின் தொடக்கத்தைப் பற்றி எழுதும்போது வைத்த பெயர். நோயே இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பதற்கு எங்கள் கணக்குக் கொப்பி போதும். இப்போது யோசித்தால் சிரிப்பு வருது. அந்த ரோட்டில்தான் பஸ் ஓடுது. பொகவந்தலாவையிலிருந்து இறங்கி வந்தது பூதமில்லை, பஸ்ஸில் வந்த கதை. கதை போன வழியை ஆள் போன வழி என்று கீறியிருக்கிறோம்.

இன்னொரு ஆய்வைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. 2008இல் ஜெனிஃபர் விட்சனும் ஆடம் கலின்ஸ்கியும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. சிலருக்கு ‘எதுவும் நம் கையில் இல்லை’ என்ற உணர்வை உண்டாக்கிவிட்டு, வெறும் புள்ளிகளாக இருக்கும் படங்களைக் காட்டினார்கள். மற்றவர்களைவிட அவர்கள்தான் இல்லாத உருவங்களை அதிகம் கண்டார்கள்.

எங்கள் பெரியம்மாக்களின் நாளை நினைத்துப் பார்த்தோம். எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், எத்தனை எடுத்தால் அரைப்பேர் என்று வேறு யாரோ முடிவு செய்வார்கள். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், லைட் இல்லை. குடித்துவிட்டு வருகிறவன் இருட்டில் நிற்பது பூதம் வருவதற்கு முன்னாலும் நடந்ததுதான். அந்தப் பயம் பொய்யில்லை. அதற்கு ஒரு முகம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். ‘படிக்காத சனம், அதான் நம்புது’ என்று கெம்பஸில் யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு எங்களுக்கு என்ன தகுதி என்றும் தெரியாது. சுவரில் கையை வைத்தது நாங்கள்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தோம். கரண்ட் போயிருந்தது, அடுப்படியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா மறுபடி அந்தக் கதையை எடுத்தார். அடி வாங்கினவர் பாவம்தான், அது தப்புத்தான் என்றார். ஆனா பூதம் வந்தது உண்மையாம்.

“சுவத்துல கை இருந்துச்சே. நீங்களும் பாத்தீங்கதானே?”

“ஆமா பெரியப்பா,” என்றோம்.