ரீல்

மே மாத விடுமுறையில் நான் செய்த உருப்படியான காரியம், தள்ளிப்போட்டு வைத்திருந்த படங்களைப் பார்த்து முடித்ததுதான். மகள் தன் ஓடிடி கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்து, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்தால் தியேட்டர் தயார்.

முதலில் வாத்தியார் படங்கள். ‘சாட்டை’, ‘ராட்சசி’ இரண்டையும் மறுபடி பார்த்தேன். நல்ல மனசோடு எடுத்த படங்கள்தான். ஆனாலும் முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரே ஆள் வந்து இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தையே புரட்டிப் போடுகிறார். அவருக்கு எமிஸில் வருகைப் பதிவு ஏற்றுகிற வேலை இல்லை. சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிற வேலையும் இல்லை. ‘வாழை’யில் நிகிலா விமல் நடித்த பூங்கொடி டீச்சர் அப்படியல்ல. அவர் யாரையும் கரையேற்ற வரவில்லை. பாடம் நடத்துகிறார், சிரிக்கிறார், அவ்வளவுதான். அவருடைய கைக்குட்டையை அந்தப் பையன் பொத்தி வைத்துக்கொள்கிறான். என் மேஜையிலிருந்து காணாமல் போகும் சிவப்புப் பேனாக்களுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் அற்பமாக ஆசைப்பட்டேன்.

‘மெய்யழகன்’ 2024இல் வந்தபோது, நீளம் என்று சொல்லி, வெளியான சில நாளிலேயே ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டினார்கள். இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுவதுதான் படமே, அதில் எதை வெட்டுவது? நீடாமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு வாய் அப்படித்தான். நானும் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

பார்த்து முடித்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும். அதுதான் சிக்கல். பள்ளி திறந்த முதல் வாரம், எட்டாம் வகுப்பில், லீவில் பார்த்த படத்தில் ஒன்றின் கதையைச் சொல்லுங்கள் என்றேன். “செம சார்” என்றது ஒரு குரல். “மொக்கை சார்” என்றது இன்னொன்று. கதையைச் சொல்லுடா என்றால் நெளிகிறார்கள். ஒருவன் ஒன்றரை வேகத்தில் ஓட்டிப் பார்த்தானாம், சண்டை வராத இடத்தையெல்லாம் தள்ளிவிட்டானாம். பின்னாலிருந்து ஒரு பெண் கரிசனமாகவே சொன்னாள்: “போன்லயே இருக்கு சார், பாத்துக்குங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அவன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. சாயங்காலம் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. தரை டிக்கெட்டுக்குக்கூட எங்கள் வீட்டில் மாசத்துக்கு ஒருமுறைதான் காசு கிடைக்கும். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் மாமா அங்கே டிக்கெட் கிழிப்பவர். புதுப் படம் வந்த மறுநாள் மத்தியானம், சத்துணவுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்காருவோம். அவன் நின்றுகொண்டு சொல்வான். குதிரை ஓடினால் தொடையில் தட்டுவான். மழைக்கு ஒரு கைப்பிடி மணலைத் தகரத் தட்டின் மேல் தூவுவான். கதாநாயகி அழும் இடத்தில் நிறுத்திவிட்டு, “ரீல் மாத்துறாங்க” என்று போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். கட்டணம் ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய். படத்தில் இல்லாததையும் சேர்க்கிறான் என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. அதனால் அவன் பேரே ரீல்.

இந்த விடுமுறையின் கடைசி நாளில் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ பார்த்தேன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை ஒட்டி 1979இல் வந்த படம். தமிழாசிரியர் இதைப் பார்க்க இத்தனை வருஷமா என்று கேட்பீர்கள். பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வேப்பமரத்தடியில், இரண்டு மத்தியானமாக.

ரீல் சொன்னபடியே போய்க்கொண்டிருந்தது. விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவின் அந்த அமைதியான குரூரத்தை, அஸ்வினியின் இருமலை, அவன் அப்படியே பிடித்து வைத்திருந்திருக்கிறான். கடைசியில் ஊரே சேர்ந்து அந்த மனுஷனை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகிறது. அவன் தண்ணீரில் இறங்குகிறான். எனக்குப் பதற்றம் இல்லை. ரீலின் கதையில், அவன் மூச்சைப் பிடித்து அடியிலேயே நீந்திப்போய் எதிர்க்கரையில் ஏறுவான். ஈர வேட்டியைப் பிழிவான். ஊர்க்காரர்கள் கலைந்ததும் சுற்றிக்கொண்டு வந்து, பிள்ளைகள் இரண்டையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறுவான். கண்டக்டர் விசிலைக்கூட ரீல் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிக் காட்டினான்.

ரீலின் அப்பா அந்த வருஷம்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போயிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிகிற வயசில்லை.

ஏழாவதோடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான். கொட்டகையும் போய்விட்டது.

செல்போனில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் அந்த இரண்டு பிள்ளைகள். படம் முடிந்து, அடுத்த படம் தானாக ஓட ஐந்து, நான்கு, மூன்று என்று எண் குறைந்துகொண்டு வந்தது. நான் அவசரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளி, எதிர்க்கரையை மறுபடி ஒருமுறை பார்த்தேன்.