இரண்டு பக்கமும் அதே பாட்டு

2002-ஆம் ஆண்டு முடிந்தபோது நோட்டில் எழுதிவைத்த பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வருஷத்தின் சிறந்த இசை: வித்யாசாகரின் ‘ரன்’. அடுத்து இளையராஜாவின் ‘அழகி’, யுவனின் ‘மௌனம் பேசியதே’, பரத்வாஜின் ‘ஜெமினி’. கோடு போட்டுப் பிரித்து, ‘ஏமாற்றம்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் இரண்டு பெயர்கள். இரண்டுமே ஏ.ஆர்.ரகுமான். ‘பாபா’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. இரண்டாவது பெயருக்கு நேரே காரணமும் எழுதியிருக்கிறேன்: சின்மயி பாட்டைத் தவிர எதுவும் நிற்காது, அகதிப் பாட்டு ஒரே இழுவை, எம்.எஸ்.வி.க்குக் குரல் போய்விட்டது.

இதை எழுதியபோது நான் ராமேஸ்வரத்தில் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் தனுஷ்கோடிக் குடும்பம். இந்த இரண்டையும் சொல்லாமல் நான் செய்தது என்னவென்று விளங்காது.

எம்.பி.3 சிடி வந்து கேசட் தொழிலை ஒடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் எங்கள் தீவில் டேப் ரெக்கார்டர் இல்லாத படகுக்காரர் வீடு குறைவு. ஆட்கள் ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். டபுள் டெக்கில் ஒரு பக்கம் படக் கேசட், மறுபக்கம் காலிக் கேசட். லிஸ்டில் உள்ள பாட்டு தீர்ந்து கொஞ்சம் நாடா மிஞ்சினால் நானே ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவேன். அதில் எனக்கு ஒரு பேர் இருந்தது. “அவன்கிட்ட குடுத்தா நல்ல பாட்டாப் போட்டுத் தருவான்” என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பேர் என் தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு மைக் செட்டுக்கு எந்தப் பாட்டு, புதுவருஷ ராத்திரிக்கு எந்தப் பாட்டு என்று முடிவு செய்கிறவன் நான்தான் என்ற நினைப்பு. கூட்டம் கேட்டவுடனே தலையாட்டாத பாட்டு எனக்குப் பாட்டே இல்லை.

இந்தக் காது எனக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அப்பாவின் ரேடியோவிலிருந்து. அப்பா பிறந்தது தனுஷ்கோடியில். எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில், கப்பல் துறை, தலைமன்னாருக்குப் போகும் நீராவிக் கப்பல் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் அந்த ஊரை எடுத்துக்கொண்டன. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போயிற்று. மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. தாத்தா ராமேஸ்வரத்தில் ஓலைக் குடிசை போட்டார். பிறகு அப்பா சம்பாதித்து வாங்கிய முதல் சாமான் ஒரு ரேடியோ. அதில் சென்னையும் திருச்சியும் கரகரக்கும். இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். இடையில் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் கடல்தானே. மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்கள் வீட்டு ஆட்களாக இருந்தார்கள். நம் ஆகாசவாணி சினிமாப் பாட்டை அளந்து அளந்து போட்ட காலத்தில், எம்.எஸ்.வி. இருந்த விஸ்வநாதன்–ராமமூர்த்தி ஜோடியின் பாட்டுகளை அள்ளிக் கொடுத்தது அக்கரைதான். ராமநாதபுரம் கடற்கரையில் எங்களுக்கு முந்தைய இரண்டு தலைமுறைக்குப் பாட்டுக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அந்த அக்கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

2002 பிப்ரவரி 22 அன்று இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்ததும் அதே மாதம். மண்டபம் அகதிகள் முகாமில் ஊருக்குத் திரும்பும் பேச்சு தொடங்கியிருந்தது. ஒரு நாள் முகாமிலிருந்து நடுவயது அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். அக்கரையில் பேசாலை அவருக்கு ஊர். 1990-ல் படகில் வந்து, தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, பிள்ளைகளோடு காத்துக் கிடந்தவர். இதெல்லாம் அவர் என்னிடம் சொன்னது. நான் பாதி காதில்தான் வாங்கினேன். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் எம்.எஸ்.வி. பாடிய ‘விடை கொடு எங்கள் நாடே’ என்ற அகதிப் பாட்டின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

“தம்பி, இந்தப் பாட்டை மட்டும் ரெண்டு பக்கமும் பதிஞ்சு தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“ஒரே பாட்டையா? நாடா வீணாப் போயிரும்க்கா” என்றேன்.

“வேற ஒண்டும் வேண்டாம் தம்பி.”

சரி என்று தலையாட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டேன். ஆனால் சொன்னபடி செய்யவில்லை. அந்தப் பாட்டை ஒரு பக்கத்தில் ஒரே ஒரு தடவை பதிந்தேன். மிச்ச இடத்தில் ‘அழகி’யும் ‘ரோஜாக்கூட்ட’மும் ‘ஜெமினி’யும் போட்டேன். எம்.எஸ்.வி.யின் குரல் அடங்கிய கையோடு ‘ஜெமினி’யின் ‘ஓ போடு’ வரும்படி நானே வரிசை போட்டேன். சோகத்துக்குப் பிறகு ஒரு குத்துப்பாட்டு வந்தால் மனசு தெளியும் என்பது என் கணக்கு. அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். கேசட்டை வாங்கிப்போக வந்தபோது அதை அவரிடம் சொல்லவும் இல்லை. முழுக் காசையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்து கேட்கவில்லை. முகாமில் இருப்பவர்கள் அப்படி வந்து சண்டை போடுவதில்லை. செக்கிங் நேரத்துக்குள் திரும்ப வேண்டும், பஸ் காசு வேண்டும், ஊர்க்காரனிடம் வாய் கொடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. அவர் கேட்க முடியாது என்பது எனக்கும் தெரியும். உள்ளூர்க்காரர் ஒருவர் கொடுத்த லிஸ்டில் அப்படிக் கைவைத்திருப்பேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். வைத்திருக்க மாட்டேன். இதுதான் எனக்கு மிகவும் கூசுகிற இடம். ரசனை என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதி, எதிரில் நிற்பவர் திருப்பிக் கேட்க மாட்டார் என்ற துணிச்சல்.

அடுத்த ஆண்டு தேசிய விருது அறிவித்தார்கள். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ இசைக்கு ரகுமானுக்கும் பாட்டுக்கு வைரமுத்துவுக்கும் விருது. அப்போதும் நான் மசியவில்லை. விருதுக்காரர்களுக்கு அழுகைப் பாட்டுதான் பிடிக்கும் என்று கடையில் உட்கார்ந்து பேசினேன். 2006-ல் போர் மறுபடி மூண்டு, தனுஷ்கோடி மணலில் திரும்பவும் படகுகள் வந்து ஆட்களை இறக்கின. கைக்குழந்தைகளோடு ஈரத் துணியில் நின்றவர்களை நானே பார்த்தேன். ஊருக்குப் போன யாராவது இரண்டாம் தடவையாக இதே மணலில் வந்து நிற்கிறார்களா என்று தேடியது நினைவிருக்கிறது. பாட்டின் ஞாபகம் மட்டும் அப்போதும் வரவில்லை.

2015 ஜூலை 14-ஆம் தேதி எம்.எஸ்.வி. இறந்தார். டிவியில் அவர் பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரவு நான் ‘விடை கொடு எங்கள் நாடே’ பாட்டைத் தேடி எடுத்து, முதல் தடவையாக, இடையில் நிறுத்தாமல் கேட்டேன். கேசட்டில் பதியும்போது யாரும் பாட்டைக் கேட்பதில்லை. ஊசி சிவப்புக்குப் போகிறதா என்று மட்டும் பார்ப்போம். எழுபது தாண்டிய ஒரு மனிதரின் குரல் அது. மூச்சு வாங்குகிறது, சுருதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. பல்ராம், மாணிக்க விநாயகம் போன்றவர்களின் வலுவான குரல்கள் சேரும்போது கூட்டம் நகர்வது கேட்கிறது. அந்தக் கூட்டத்தில் நடக்க முடியாத கிழவர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவர்தான் பாடுகிறார். ரகுமானிடம் அன்றைக்கு இளம் குரல்களுக்கா பஞ்சம்? இந்தக் குரலை அவர் வேண்டுமென்றே தேடிப் போயிருக்கிறார். நான் ‘குரல் போய்விட்டது’ என்று எழுதிய அதே இடத்தில்தான் பாட்டு இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு அக்கரை ரேடியோ கொடுத்த இசையமைப்பாளர், கடைசியில் அக்கரை மக்களின் பாட்டைப் பாட வந்திருக்கிறார். இந்தக் கரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

அந்தப் பாட்டு முடியும்போது வேறு எந்தப் பாட்டும் வரக் கூடாது. அந்த அம்மா கேட்டதும் அதுதான். திரும்பத் திரும்ப அதே பாட்டு; முடிந்தால் மறுபடி அதே. தனுஷ்கோடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பாவும் இப்படித்தான். கப்பல் துறையில் தொடங்கி, சர்ச், தபாலாபீஸ், மறுபடி கப்பல் துறை. நடுவில் வேறு பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த அம்மா கேட்டது விளங்கியிருக்க வேண்டும்.

‘ரன்’ படத்தை முதலில் வைத்ததற்கு நான் வருந்தவில்லை. வித்யாசாகர் அந்த வருஷம் அப்படி உழைத்திருந்தார். அதில் ஒரு பாட்டுகூட இன்றைக்கும் பழசாகவில்லை. ‘பாபா’ பற்றிய என் கருத்தும் மாறவில்லை. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ பற்றி எழுதியது முழுக்கத் தப்பு. தப்பான தீர்ப்பு ரசிகனுக்கு எந்த வருஷமும் நேரும், அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பை இன்னொருவரின் கேசட்டில், அவருக்குச் சொல்லாமல், அவர் காசில் பதிந்தேனே, அதற்குத்தான் கேட்கிறேன். அக்கா, நீங்கள் பேசாலையில் இருந்தாலும் முகாமிலேயே இருந்தாலும், நீங்கள் கேட்டதை நான் தரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.