மறுத்தது எதனை?

கிடுகு வேலியிலே பொட்டு வைத்து, அதன் வழியே நெருப்பும் கறியும் ஊர்க்கதையும் பரிமாறி வாழ்ந்தவர் எம் முன்னோர். தம் முற்றத்தில் நின்றபடியே அயல் முற்றத்தைக் காணுதல் அவர்க்கு இயல்பாயிருந்தது. இணையத்தளங்களை அமைத்தோரும் இத்தகைய பொட்டொன்றினைச் ‘சட்டகம்’ என்னும் பெயரால் வைத்தனர். ஒரு தளத்தின் பக்கத்திலே இருந்தவாறே இன்னொரு தளத்தின் பக்கத்தைக் காண அது வழிசெய்தது.

1996ஆம் ஆண்டில் வெளிவந்த நெற்ஸ்கேப் நவிகேற்றர் உலாவியின் இரண்டாம் பதிப்பு இம்முறையைப் பரப்பிற்று. இடப்புறத்திலே பொருளடக்கத்தை நிலையாக நிறுத்தி, அதிலுள்ள இணைப்பை அழுத்துந்தோறும் வலப்புறத்திலே வெவ்வேறு பக்கங்களைக் காட்டுதல் அக்காலத்திற் பலராலும் விரும்பப்பட்டது. 2014இல் எச்.ரி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு நியமமாக ஏற்கப்பட்டபோது, திரையைப் பகுக்கும் இப்பழைய முறை விலக்கப்பட்டது. பக்கத்தினுள்ளே பதிக்கப்படும் ‘ஐபிறேம்’ என்னும் வகை மாத்திரம் எஞ்சியது. ஆயினும் உலாவிகள் பழைய சட்டகங்களையும் இன்றுவரை காட்டியே வருகின்றன.

பழைய மாணவரொருவர் பல்லாண்டுகளுக்கு முன் ஆக்கியளித்த எமது கல்லூரித் தளமும் அம்முறையினதே. உயர்தரத்திற் சித்தியெய்திய மாணவனொருவன், புலமைப்பரிசிலொன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பி அதிலிருந்த இணைப்பை அழுத்தினான். வலப்புறச் சட்டகம் சாம்பல் நிறமாயிற்று. ‘இணைய மறுத்துவிட்டது’ என்று பொருள்படும் ஆங்கில வரியொன்று தோன்றிற்று. இறுதித் திகதிக்கு இரண்டு நாள்களே இருந்தன.

“சேர், எங்களை எடுக்கமாட்டினம் போல கிடக்கு. மறுத்துப்போட்டினம்” என்றான்.

அவன் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். தன் குடும்பத்திலே பல்கலைக்கழக வாயிலை நோக்கி நடக்கும் முதலாமவன். இயந்திரம் எழுதிய வரியைத் தன்மீது விழுந்த தீர்ப்பாகவே அவன் வாசித்திருந்தான்.

அவனையும் அருகிருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். முதலாவதாக, அப்பக்கத்தின் முகவரியைப் படியெடுத்துப் புதிய தாவலொன்றில் இட்டோம். விண்ணப்பப் படிவம் பழுதின்றித் திறந்தது. “மறுத்தது உம்மை இல்லைத் தம்பி, இந்தச் சட்டகத்தை” என்றோம். அவனுடைய முகம் தெளிந்தது.

இனிக் காரணத்தைத் தேடினோம். காப்புடைய ‘எச்.ரி.ரி.பி.எஸ்.’ பக்கத்தினுள் காப்பற்ற ‘எச்.ரி.ரி.பி.’ பக்கத்தை வைத்தால் இன்றைய உலாவிகள் அதனைத் தடுத்துவிடும். இங்கே இரண்டும் காப்புடையனவே. இணைப்பிலே குறித்த சட்டகத்தின் பெயர் ஓரெழுத்துப் பிழைத்தாலும் பக்கம் உரிய இடத்தில் தோன்றாது வேறு தாவலிலே திறக்கும். இங்கே பெயரும் சரியே. பின்னர் எப்-12 விசையை அழுத்தி, உலாவியின் பிழைப்பட்டியலை நோக்கினோம். ‘எக்ஸ்-பிறேம்-ஒப்ஷன்ஸ்’ என்னும் கட்டளை சட்டகத்தைத் தடுத்தமை அங்கே எழுதப்பட்டிருந்தது.

அயலவர் பொட்டை அடைத்ததற்குத் தக்க நியாயம் உண்டு. வஞ்சகர் ஒருவர் வங்கியின் பக்கத்தைக் கண்ணுக்குப் புலப்படாத சட்டகத்தில் வைத்து, அதன் கீழே கவர்ச்சியான பொத்தானொன்றைக் காட்டலாம். அதனை அழுத்துவதாக எண்ணுபவர் உண்மையில் வங்கியின் பொத்தானையே அழுத்திவிடுவார். இவ்வஞ்சகத்தை 2008இல் ரொபேட் ஹான்சன், ஜெரமையா குரொஸ்மன் என்னும் இருவர் உலகறியச் செய்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த இன்ரநெற் எக்ஸ்புளோரர் எட்டாம் பதிப்பு, ‘என் பக்கத்தைப் பிறர் சட்டகத்தினுள் வையற்க’ என்று தளத்தவர் கட்டளையிடும் வசதியை அளித்தது. ஏனைய உலாவிகளும் அதனை ஏற்றன.

ஆதலின், அத்தடையைச் சட்டகத்துக்கு வெளியேயிருக்கும் நாம் நீக்கல் இயலாது. நீக்க முயலுதல் முறையுமன்று. தளத்தின் உரிமையாளரே இசைவு வழங்கவேண்டும். எமது கையிலுள்ள பரிகாரம் எளியது. பிறர் தளத்துக்குச் செல்லும் இணைப்புகளில், சட்டகத்தின் பெயருக்குப் பதிலாக, முன்னே அடிக்கோடிட்ட ‘ரொப்’ என்னும் குறிச்சொல்லை எழுதினாற் பக்கம் முழுத்திரையிலும் திறக்கும். ‘பிளாங்க்’ என்று எழுதினாற் புதிய தாவலிலே திறக்கும். கல்லூரித் தளத்திலிருந்த அத்தகைய இணைப்புகள் யாவற்றையும் அம்மாணவனைக் கொண்டே திருத்துவித்தோம். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகவில்லை.

எனினும் ஒரு நினைவு எம்மை விட்டகலவில்லை. இவன் வந்து கேட்டான். கேளாமலே திரும்பிச் சென்ற பிள்ளைகள் எத்தனை பேரோ? வறிய வீட்டுப் பிள்ளை ‘மறுப்பு’ என்னும் சொல்லை விரைவில் நம்பிவிடுகிறது. அதனை முன்னரும் பலமுறை கேட்டிருக்கிறது. ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை ‘பக்கம் வருகுதில்லை’ என்று முகம் வாடி வந்தால், முகவரியைத் தனியே இட்டு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் பின்னரும் திறவாவிடின், உரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து வினவச் செய்யுங்கள்.