தரை சுடும் ஊர்

சிறு வயதில் புகைவண்டியில் ஏறினால் சன்னலோரம்தான் வேண்டுமென்று அடம் பிடிப்பேன். சற்று நேரத்தில் கண்ணில் கரித்தூள் விழும். உம்மா தம் முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் ஒற்றி எடுப்பார்கள். அந்தக் கரி எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று அன்று நான் எண்ணியதில்லை. எண்ண வைத்தது 1981-ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஒரு பயணம்.

என் தமக்கையின் கணவர் அப்போது தன்பாத் நகரில் பணியாற்றி வந்தார். அன்று பீகாரில் இருந்த அந்நகர் இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது. விடுமுறைக்குச் சென்ற என்னை ஒருநாள் மாலை, அருகிலுள்ள ஜரியாவுக்கு அழைத்துச் சென்றார். அவருக்குத் தெரிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீடு. வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலடி வைத்தேன். துள்ளி வெளியே வந்தேன்.

“மச்சான், தரை சுடுகிறதே!”

“செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. இந்த ஊருக்கு அடுப்பு பூமிக்கு அடியில்” என்றார் அவர்.

சிரித்துக்கொண்டே சொன்னாரென்றாலும் அது வேடிக்கையன்று. சுவரில் விரலளவு வெடிப்பு. கொல்லைப்புறத்து மண்ணிலிருந்து புகை மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மையார் அதைப் பொருட்படுத்தாமல் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

தாமோதர் ஆற்றுப் படுகையில் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மண்ணில் புதையுண்ட காடுகளே இன்றைய நிலக்கரி. அங்குள்ள ராணிகஞ்சில் 1774-இலேயே கரி தோண்டத் தொடங்கினார்கள். ஜரியாவில் 1890-களில் இருப்புப்பாதை வந்தபின் சுரங்கங்கள் பெருகின. இரும்பு உருக்குவதற்கேற்ற உயர்ந்த கரி ஜரியாவினுடையது. தனியார் முதலாளிகள் பலர் அதை அவசர அவசரமாக வெட்டினார்கள். வெட்டிய வெற்றிடத்தை ஆற்று மணலால் நிரப்ப வேண்டும், அதற்குச் செலவாகும். பல இடங்களில் நிரப்பாமலே போனார்கள். எஞ்சிய கரியில் காற்றுப் பட்டது. அது தானே சூடேறித் தீப்பற்றியது. முதல் தீ 1916-இல் கண்டறியப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் அரசுடைமையாயின. நெருப்பு மட்டும் யாருடைய உடைமையும் ஆகவில்லை.

திரும்பும் வழியில் மச்சான் சாஸ்நாலாவைப் பற்றிச் சொன்னார். 1975 டிசம்பர் 27 அன்று, கைவிடப்பட்ட பழைய குடைவில் தேங்கியிருந்த நீர் தடுப்பை உடைத்துக்கொண்டு சுரங்கத்தில் பாய்ந்து, 370-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் வெள்ளம். இரண்டும் முந்தைய தலைமுறை மூடாமல் விட்டுச்சென்ற பள்ளங்களிலிருந்து வந்தவை அல்லவா? பள்ளம் விட்டவர் ஒருவர். அதில் விழுந்தவர் வேறொருவர்.

“ஏன் இவர்கள் வேறிடம் போகக்கூடாது?” என்று கேட்டேன். “தரை சுட்டாலும் கூலி இங்கேதானே கிடைக்கிறது, தம்பி” என்றார். பிற்காலத்தில், 2009-இல், அரசு பெருந்திட்டம் ஒன்றை ஏற்றுப் பல குடும்பங்களுக்குப் புதுக் குடியிருப்பு தந்தது. ஆனால் போனவர்களில் பலருக்குப் பிழைப்புத் தொலைவாகிப் போயிற்று. தீ குறைந்திருக்கிறது, முற்றாக அணையவில்லை.

இப்போது புகைவண்டியில் கண்ணில் கரி விழுவதில்லை. ஆயினும் நம் நாட்டு மின்சாரத்தில் பாதிக்கும் மேல் இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இரவில் விளக்கைப் போடும்போது சில நேரம் என் உள்ளங்கால் அந்த வாசலை நினைத்துக்கொள்கிறது. அந்த அம்மையார் கொடுத்த தேநீரை, செருப்புக் காலோடு நின்றவாறே நான் குடித்தேன்.