கழற்றுவதற்கு முன் எழுதிவை

முப்பத்தாறு வருடம் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் நான். எங்கோ ஒரு வீட்டில் மணி அடிக்காது, எங்கோ ஒரு கடையில் டயல் டோன் வராது. அதைத் தேடுவதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்றுப் பத்து வருடம் கழித்து, ஓர் ஆடி மாதச் சாயங்காலம், ஒரு ஃபால்ட் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

கைக்குள் அடங்கும் ஹார்டு டிஸ்க் அது. ஒரு டெராபைட். உள்ளே மகளின் கல்யாண வீடியோ, எங்கள் மணிவிழாப் படங்கள், பிறகு அம்மாவின் குரல். 1986-இல் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, தாலாட்டும் ஒப்பாரியுமாக ஒன்றரை மணி நேரம் கேசட்டில் பிடித்தேன். கேசட்டில் பூஞ்சை ஏறத் தொடங்கியதும் கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றி இந்த டிஸ்க்கில் போட்டேன். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இதைத் தவிர வேறு பிரதி கிடையாது.

அன்று செருகினால் சின்ன விளக்கு எரிகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை.

பதற்றத்தில் கை தானாக ஆட்டிப் பார்க்கப் போகும், தட்டிப் பார்க்கப் போகும். டிஸ்க்கில் அது கூடாது. உள்ளே தகடு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் படிக்கும் முனை தொடாமல் மிதக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் பருமன் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. அந்த இடைவெளியில் நாம் தட்டுகிற தட்டு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதலில் காதைத்தான் வைத்தேன். 'டக், டக்' என்று ஒரே சீராக அடித்தால் பெரும்பாலும் முனை கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது உடனே பிடுங்கிவிட்டு, தரவு மீட்கிறவர்களிடம் கொண்டு போக வேண்டும், நம் கைவேலைக்கு அங்கே இடமில்லை. என் டிஸ்க்கில் டக் டக் இல்லை. சுற்றுகிற ரீங்காரமும் இல்லை. சுற்றத் தொடங்கி நின்றுவிடுவது போல ஒரு முனகல் மட்டும் கேட்டது.

அந்த முனகல் எனக்குப் பழக்கமானது: மின்சாரம் போதவில்லை. எக்சேஞ்சில் 48 வோல்ட் கொடுப்போம். லைன் நீளமாகி, இணைப்புகள் பாசி பிடித்துப் போனால், கடைசி வீட்டுக்குப் போகும்போது மின்சாரம் இளைத்துவிடும். இந்தச் சின்ன டிஸ்க்குகளுக்குத் தனி மின்சாரம் கிடையாது, யூ.எஸ்.பி. துளையிலிருந்து வருவதுதான். பழைய 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் தரும், நீல நிற 3.0 துளை 900. விளக்கு எரிய அதில் துளி போதும். மோட்டார் கிளம்பத்தான் நிறைய வேண்டும். விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பக் கூடாது. மனிதர்களிடத்திலும் இப்படிப் பல முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

எக்சேஞ்சில் ஃபால்ட் தேட எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஊரிலிருந்து வரும் கேபிளும் உள்ளே இருக்கும் இயந்திரமும் சந்திக்கிற இடம் எம்.டி.எஃப். அங்கே லைனைப் பிரித்து உள்பக்கம் டோன் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் கோளாறு வெளியே, இல்லையென்றால் உள்ளே. ஒரே சோதனையில் பாதி உலகம் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடும். இங்கேயும் அதையே செய்தேன். கணினியின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் செருகினேன், பயனில்லை. மருமகனின் மடிக்கணினியில் செருகினேன். அங்கும் அதே முனகல். ஆகவே கணினி குற்றவாளி இல்லை. மிச்சம் கேபிளும் டிஸ்க்கும். நூறு ரூபாய்ச் சொச்சத்துக்குப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். ரீங்காரம் கேட்டது.

ஆனால் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?

பக்கத்து வீட்டுப் பையன் கூடவே இருந்தான். "ஓகே குடுங்க மாமா, சரியாயிடும்" என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. டிஸ்க் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் அம்மா? அந்தப் பெட்டி 'பயன்படுத்த' என்றுதானே சொல்கிறது, 'காப்பாற்ற' என்று சொல்லவில்லையே. விரல் பொத்தானுக்குப் போனபோது எனக்கு 1979 ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எம்.டி.எஃப்.-இல் கோளாறு தேடும் அவசரத்தில் இரு பக்கத்தையும் இணைக்கும் ஜம்பர் கம்பிகளை ஒரு கற்றையாகக் கழற்றிவிட்டேன். எது எங்கே இருந்தது என்று குறிக்கவில்லை. ஒரு லைனைச் சரி செய்யப் போனவன் நாற்பது லைனைச் சாகடித்தேன். ராத்திரி பதினொன்றரை வரை எங்கள் ஜூனியர் இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்தார். திட்டவில்லை. கிளம்பும்போது ஒரே வார்த்தை: "தம்பி, கழற்றுவதற்கு முன்னால் எழுதிவை."

பெட்டிக்கு 'வேண்டாம்' கொடுத்தேன்.

பேத்தி கணினி படிக்கிறாள். போனில் சொன்னாள்: "நல்ல வேளை தாத்தா. உள்ளே இருப்பது போகவில்லை, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் கெட்டிருக்கும். பழுது பார்க்கிற கட்டளை எதையும் ஓட்டாதீர்கள், அது டிஸ்க் மேலேயே எழுதும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்." வந்தவள் முதலில் டிஸ்க்கைச் சரி செய்யவே முயலவில்லை. அதை அப்படியே இன்னொரு புது டிஸ்க்கில் படியெடுத்தாள். டிடிரெஸ்க்யூ என்று ஒரு மென்பொருள். படிக்க முடியாத இடம் வந்தால் அது அங்கேயே நின்று மல்லுக்கட்டுவதில்லை. தாண்டிப் போய், நல்லதையெல்லாம் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் கெட்ட இடத்துக்குத் திரும்புகிறது. ராத்திரி முழுக்க ஓடியது. பிறகு படியின் மேல்தான் மற்ற வேலையெல்லாம்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைத்தது டிஸ்க்கைப் பற்றி அல்ல, அண்ணனைப் பற்றி.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, அண்ணன் என் போனை எடுப்பதை நிறுத்தினார். அதற்குச் சற்று முன்தான் ஊர் நிலத்தைப் பாகம் பிரித்திருந்தோம். கோபம் என்று முடிவு கட்டினேன். ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில், "இனிமேல் அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடம் கழித்து அண்ணிதான் சொன்னார்கள். அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது. மணி அடிப்பது கேட்கவில்லை, கேட்டாலும் பேச்சு புரியவில்லை, அதைச் சொல்ல வெட்கம். ஆயிரக்கணக்கான வீடுகளில் லைனைச் சோதித்தேன், கருவியைச் சோதித்தேன். கேட்கிற காதைச் சோதிக்க ஒரு தடவை நேரில் போயிருந்தால் போதும். பஸ் டிக்கெட் நாற்பது ரூபாய்.

திரும்ப எடுக்கக் கூடியதை முதலில் செய், திரும்ப எடுக்க முடியாததைக் கடைசியில் செய். எழுபது வயதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். துளையை மாற்றினால் திரும்ப மாற்றலாம். ஃபார்மட் கொடுத்தால் முடியாது. நேரில் போய் விசாரித்தால் நஷ்டமில்லை. சபையில் சொன்ன சொல்லை அள்ள முடியாது. பத்திரத்தில் போடும் கையெழுத்தும் அப்படித்தான்.

விடிந்ததும் பேத்தி எழுப்பினாள். படங்கள் வந்துவிட்டன. வீடியோவில் கொஞ்சம் போயிற்று. அம்மாவின் ஒன்றரை மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடம் இல்லை, ஓர் ஒப்பாரி நடுவில் நின்றுவிடுகிறது. அது என் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியது. ஒரே பிரதி வைத்திருப்பவன் பிரதியே இல்லாதவன்தான்.

பேத்தி ஒரு விதி சொன்னாள். பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியதாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். வீட்டில் ஒரு டிஸ்க், பென் டிரைவில் ஒன்று. மூன்றாவது எங்கே என்று கேட்டாள்.

அது இப்போது அண்ணன் வீட்டு பீரோவில், அண்ணியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செருகி, ரீங்காரம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் போகிறேன்.