நாலாம் நம்பர் ஷூ

ஆம்பூர்க்காரனை ஷூ கடித்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கம் தோல் எல்லார் கைக்கும் வரும், காலுக்குத்தான் வராது என்பது அவர்களுக்குத் தெரியாது. பதினோரு வயதுவரை எனக்குத் தெருவில் வெறுங்கால், கல்யாணம் காட்சி என்றால் ரப்பர் செருப்பு. 1985 ஜூனில், பாலாற்றுக்கு அந்தக் கரையில் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்த்தபோதுதான் கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் கட்டாயம் என்றார்கள்.

பஜாரில் கடைக்காரர் என் காலை ஒரு தகரப் பட்டையில் வைத்து அளந்துவிட்டு, மூணாம் நம்பர் என்றார். அப்பா நாலாம் நம்பரைக் கேட்டார். "வளர்ற புள்ளங்க. இன்னிக்கு வாங்கி நாளைக்குத் தூக்கிப் போடறதா?" கடைக்காரரும் இதற்குப் பழகினவர்போல, மறுபேச்சில்லாமல் முனையில் அடைக்கக் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார். வரும் வழியெல்லாம் டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆயா அன்று ராத்திரியே ஒரு சடங்கு வைத்தாள். புது ஷூ நம்மைக் கடிப்பதற்கு முன்னால் அதை நாம் கடித்துவிட வேண்டுமாம். அவள் காலில் இருந்ததோ டயர் செருப்பு. அதை எந்த ஜென்மத்தில் கடித்தாள் என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குதிகால் பக்கத்து விளிம்பைப் பல்லில் வைத்து அழுத்தினேன். கசப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு ருசி. பாலிஷாக இருக்க வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணல்தான். அதைத் தாண்டும்வரை பையன்கள் எல்லாரும் ஷூவை லேஸோடு லேஸ் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொள்வோம். அக்கரையில் உட்கார்ந்து காலைத் தட்டிவிட்டு சாக்ஸ் மாட்டுவோம். எவ்வளவு தட்டினாலும் விரலிடுக்கில் நாலு மணல் ஒட்டியிருக்கும். என் சாக்ஸ் நைலான். எலாஸ்டிக் ஒரு வாரத்தில் தளர்ந்துவிட்டதால் மேலே ரப்பர் பேண்டு போட்டு நிறுத்துவேன். சாயந்திரம் கழற்றும்போது கெண்டைக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். இருந்தும் நடக்க நடக்க சாக்ஸ் உள்ளே இறங்கிப் பாதத்தடியில் சுருண்டுகொள்ளும். குதிகால் வெறுமையாகத் தோலோடு தோலாக நிற்கும்.

முதல் நாள் பிரேயர் முடிவதற்குள் சுடச்சுட எரிந்தது. இரண்டாம் நாள் குதிகாலில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொப்புளம். மூன்றாம் நாள் ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் சப்பையாக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு போனேன். பி.டி. வாத்தியார் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துச் சரியாகப் போடச் சொன்னார். போட்டேன். நொண்டிக்கொண்டே வகுப்புக்குப் போனதும் பக்கத்து பெஞ்சுக்காரன் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்தான். "குத்தினா தண்ணி போயிடும், வலி நின்னுடும்." தண்ணீர் போனது. வலி அப்புறம்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமைக்குள் தோல் வழண்டு, உள்ளே ரோஜா நிறத்தில் சதை தெரிந்தது. ஓரத்தில் சீழும் கட்டிவிட்டது.

ஆயா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காலில் அப்பிக்கொண்டிருந்தாள். அம்மா வேலையிலிருந்து வந்தவள் காலைப் பார்த்துவிட்டு, மஞ்சளை வெந்நீரில் கழுவித் துடைத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டினாள். அதற்குமேல் காலைக் கவனிக்கவே இல்லை. "ஷூவை எடுத்தா" என்றாள்.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு எழுபதுகளில் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. அதற்கப்புறம்தான் எங்கள் பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகி, பெண்கள் தையல் மிஷினில் உட்கார்ந்தார்கள். அவள் தைத்ததெல்லாம் ஜெர்மனிக்குப் போகும் என்பார்கள். எந்தக் காலுக்கு என்று தெரியாமலே ஆயிரக்கணக்கில் தைத்தவள், அன்றைக்குத்தான் தெரிந்த காலின் ஷூவைக் கையில் எடுத்தாள்.

உள்ளே விரலை விட்டுத் தடவினாள். கண்ணால் பார்க்கவில்லை, விரல்தான் பார்த்தது. பின்பக்கம் லைனிங் சேருமிடத்தில் தையல் கடலைப்பருப்பு மாதிரி மேடுதட்டி நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள். "இதாண்டா உன்னைக் கடிச்ச பல்லு." அந்த இடத்தை ஈரத் துணியால் ஊறவைத்து, பருப்பு மத்தின் உருண்டைத் தலையை உள்ளே கொடுத்து, வெளியிலிருந்து அம்மிக் குழவியால் தட்டினாள். ஓங்கி அடிக்கவில்லை, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி பொறுமையாகத் தட்டினாள். மேடு அமுங்கியதும் மெழுகுவர்த்தியை அதன்மேல் வழவழவென்று ஆகிறவரை தேய்த்தாள். வெளித்தோலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். அதுவும் விரல்நுனியில் தொட்டுத்தான். எண்ணெய் அதிகமானால் தோல் தொளதொளத்துப் போகும் என்பாள்.

பிறகு அவள் கேட்ட கேள்வி எனக்குப் புரியவில்லை. "இறுக்கமா இருக்குதா, லூஸா இருக்குதா?" இறுக்கினால்தானே கடிக்கும் என்று நினைத்திருந்தேன். போட்டு நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் என் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா வாங்கிய அந்த ஒரு நம்பர்! முனையில் அடைத்த பஞ்சு நடக்க நடக்க அமுங்கிப்போயிருந்தது, காலைப் பின்னால் பிடித்து வைக்க அதனால் முடியவில்லை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்பெனியில் கழிந்துபோன மெத்தென்ற தோல் துண்டு ஒன்றை வெட்டி, ஷூவின் நாக்குக்கு அடியில் ஒட்டினாள். அது மேலிருந்து அழுத்திக் காலைக் குதிப்பக்கம் தள்ளியது. லேஸ் கட்டவும் புதிதாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு, கால் பின்னால் போய் உட்கார்ந்த அப்புறம் கீழிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்து முடிச்சு. இன்றைக்கும் எந்த ஷூ போட்டாலும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் லேஸைத் தொடுகிறேன். ஆபீஸ் லிஃப்டில் தட்டிவிட்டு அசடு வழிந்ததும் உண்டு.

கொப்புளம் எப்படி வருகிறது என்பதைப் பின்னால்தான் படித்தேன். தோலை ஏதோ சுரண்டுவதால் மட்டும் வருவதில்லை. மேல்தோல் ஈர சாக்ஸில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. உள்ளே எலும்பு நடைக்கு நடை நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே இழுபட்டு இழுபட்டு மேல்தோலின் அடுக்கே கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் நிறைகிறது. அந்த நீருக்கு மேலே கூரையாக நிற்கும் தோலைவிட நல்ல கட்டு எந்த மருந்துக் கடையிலும் கிடையாது. அதைத்தான் காம்பஸால் குத்திக் கிழித்திருக்கிறோம். வியர்த்து ஊறிய தோல் சீக்கிரம் வழண்டுவிடும் என்பதும் அப்புறம் தெரிந்ததுதான். ஆனால் அம்மா அன்றே பைக்குள் இன்னொரு ஜோடி சாக்ஸ் வைத்துவிட்டாள். மத்தியானம் மாற்ற வேண்டும். பழைய சாக்ஸுக்கு எலாஸ்டிக்கும் பிடித்துக் கொடுத்தாள். ரப்பர் பேண்டுகளை ஆயா தலைமுடிக்கு எடுத்துக்கொண்டாள்.

புண் ஆறப் பத்து நாள் பிடித்தது. வாத்தியாருக்கு அம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அதுவரை ரப்பர் செருப்பு. வீட்டில் மட்டும் தினம் விளக்கு வைத்த பிறகு, புண்ணின்மேல் துணியும் பஞ்சுமாகக் கட்டி, ஷூ போட்டு அரை மணி நேரம் நடக்க வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் சாயந்திரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஷூ அந்த அளவுக்குப் பழகட்டும் என்பது அவள் கணக்கு. ஷூ வாங்கவும் சாயந்திரம்தான் போக வேண்டும் என்பாள். அப்பா காலையில் கூட்டிப்போயிருந்தார்.

அவள் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். "எரிய ஆரம்பிச்சா உடனே நில்லு. பெல் அடிச்சாலும் நில்லு. கழட்டிப் பாரு. செவந்திருந்தா பிளாஸ்திரி ஒட்டு. கொப்புளம் வந்தப்புறம் ஒட்டி இன்னா ஆவப்போவுது?" பையில் ஒரு சுருள் பிளாஸ்திரி எப்போதும் இருந்தது. ஆற்றைத் தாண்டிய பிறகு நடுரோட்டில் உட்கார்ந்து சாக்ஸை உதறும் என்னைப் பையன்கள் கேலி செய்தார்கள். ஆகஸ்டுக்குள் அவர்களில் மூன்று பேர் என்னிடம் பிளாஸ்திரி கேட்டார்கள். காம்பஸ்காரனும் ஒருத்தன்.

அந்த ஷூ அப்புறம் கடிக்கவில்லை. மறு ஏப்ரலில், முழுப் பரீட்சை சமயத்தில், நாக்குக்கு அடியிலிருந்த தோல் துண்டு அழுத்துகிறது என்றேன். அம்மா பிய்த்து எடுத்தாள். கால் கச்சிதமாக உட்கார்ந்தது. பரீட்சை முடிந்த அன்று, ஆற்றங்கரையில் கழற்றும்போது, இரண்டு ஷூவிலும் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது.

ஜூனில் அப்பா பஜாருக்குக் கூட்டிப்போனார். அம்மா சொல்லியிருந்தபடி சாயந்திரம்தான் போனோம். கடைக்காரர் அளந்து நாலாம் நம்பர் என்றார். அப்பா ஐந்தாம் நம்பர் கேட்டார்.